களரியும் காட்சிப்பேழையும்
மட்டக்களப்புக் கூத்தும் பல்கலைக்கழக மாணவரும்

ஒரு மக்கட் கூட்டத்தின் பண்பாட்டை ஆராய்ந்து பிறருக்குக் காட்சிப்படுத்தல் எளிதான செயலன்று. பானையையும் நாணயத்தையும் ஏட்டுச் சுவடியையும் கண்ணாடிப் பேழையுள் வைத்து, பெயரும் காலமும் எழுதிய அட்டையொன்றை அருகே நாட்டிவிடலாம். ஆயின் விடியும்வரை ஆடப்படும் கூத்தையும், கோயில் முன்றிலில் பாடப்படும் காவியத்தையும் எப்பேழையுள் வைப்பது? இவ்வினா உலகெங்கும் எழுந்த ஒன்றாகும். சுவீடன் நாட்டில் ஆர்தர் அசேலியசு என்பார் 1891இல் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி நூதனசாலையை அமைத்தபோது, பழைய குடிமனைகளை முழுமையாகவே பெயர்த்துக் கொணர்ந்து நிறுவினார். பொருளை அதன் வாழ்விடத்தோடு காட்டல் வேண்டும் என்பது அவர் கருத்து. பொருளுருவற்ற பண்பாட்டு மரபுகளைப் பேணுவதற்கான யுனெஸ்கோ உடன்படிக்கை 2003இலேயே நிறைவேறியது.

இன்று கணினியும் இணையமும் இம்முயற்சிக்குப் புதியதோர் இடத்தை அளித்துள்ளன. கட்டடமும் காவலரும் இன்றி, ஒளிப்படம், ஒலிப்பதிவு, அசைபடம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு வகுப்பு மாணவரே இணையவழி நூதனசாலையொன்றை அமைத்துவிடலாம். கருவி புதிதாயினும் வினா பழையதே. ஒரு கலையை அதன் நிலத்திலிருந்து எடுத்து வேறோரிடத்திற் காட்டும்போது எவை உடன்வருகின்றன, எவை விடுபடுகின்றன, விடுபட்டவற்றுக்குப் பொறுப்பாவார் யார்? ஈழத்துத் தமிழ் மாணவர் இவ்வினாவை ஏற்கெனவே ஒருமுறை எதிர்கொண்டனர். 1960களில் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்து மேடையேறிய வரலாறு அதுவாகும். அவ்வரலாற்றை மீள நோக்குதல் இன்றைய மாணவர்க்கு வழிகாட்டியாக அமையும்.

வாவியும் இரு கரைகளும்

இலங்கையின் கிழக்குக் கரையில், கடலுக்கு இணையாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்கு மட்டக்களப்பு வாவி கிடக்கின்றது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயல்கள் விரிந்து கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழுதலையும் படுதலையும் கொண்டே தம் நிலத்தைப் பகுத்த இவ்வழக்கு, வாவியே அவர்தம் வாழ்வின் நடுவில் இருந்தமையைக் காட்டும். கல்லடிப் பாலம் அமையும்வரை நகர் அமைந்த புளியந்தீவுக்கும் எழுவான்கரைக்கும் இடையே நீர்வழியே போக்குவரத்து நடைபெற்றது. வாவியின் தென்பகுதியில் குறுமன்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே 'பாதை' எனப்படும் மிதவையிலேறிக் கடந்த தலைமுறைகள் பல.

இந்நிலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்ந்து வருகின்றனர். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அக்காலத் தொடர்புகளின் எச்சமாகப் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி பேசும் பறங்கியர் குடும்பங்கள் இன்றும் நகரில் உள்ளன. வைகாசி மாதத்திற் கண்ணகியம்மன் கோயில்களிற் சடங்கும் குளிர்த்தியும் நடைபெறும். கண்ணகி வழக்குரை பாடப்படும். வடசேரி, தென்சேரி எனக் கட்சி பிரிந்து கொம்பு விளையாடுவர். வசந்தன், பறைமேளம், முஸ்லிம் மக்களின் களிகம்பு எனப் பல கலைகள் இங்கு வழங்கினும், வெளியுலகின் கவனத்தை மிகுதியும் ஈர்த்தவை வடமோடி, தென்மோடி எனும் இருவகைக் கூத்துக்களேயாம்.

தொகுப்பாளரின் பணி

இப்பண்பாட்டைத் தொகுக்கும் முயற்சி பேராதனைக்கு முன்னரே தொடங்கியது. பிரித்தானியக் குடியியற் சேவையைச் சேர்ந்த இயூ நெவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையிற் பணிபுரிந்த காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளைத் திரட்டினார். அவற்றுட் பெரும்பாலானவை சிங்கள ஏடுகள். தமிழ் ஏடுகளும் இலங்கைப் போர்த்துக்கேயப் பாடல்களும் அவற்றுடன் அடங்கும். அத்தொகுப்பு இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றது. நெவிலின் முயற்சி அவ்வேடுகளை அழியாது காத்தது என்பது உண்மை. அவற்றைப் படிக்க விரும்பும் இந்நாட்டு மாணவர் கடல்கடந்து செல்லவேண்டிய நிலை ஏற்பட்டமையும் அதே அளவு உண்மையாகும்.

உள்நாட்டு அறிஞர் பின்னர் இப்பணியை மேற்கொண்டனர். தி. சதாசிவ ஐயர் 1940இல் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டை வெளியிட்டார். காரைதீவிற் பிறந்து, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழ்க் கருவியை இலக்கியச் சான்றுகளையும் கணக்கியலையும் கொண்டு மீட்டுருவாக்க முயன்று, 1947இல் யாழ் நூலை அளித்தார். எப். எக்ஸ். சீ. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். வி. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலையும், 1968இற் கண்ணகி வழக்குரையின் பதிப்பையும் வெளியிட்டார்.

இவர்கள் அனைவரும் எழுத்தைக் காத்தனர். கூத்தின் ஆட்டமுறையும் மத்தளத்தின் சொற்கட்டும் ஏட்டில் இல்லை; அவை அண்ணாவியாரின் உடம்பிலும் செவியிலும் இருந்தன. ஆடலை அச்சிட இயலாது. ஆடிக் காட்டவே இயலும்.

பேராதனையில் கூத்து

விபுலாநந்தருக்குப் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையிற் பணியாற்றிய சு. வித்தியானந்தன், 1950களின் பிற்பகுதியில் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். கூத்து விழாக்கள் வாயிலாகக் கிராமத்து அண்ணாவிமாருக்குக் கௌரவம் தேடிக்கொடுத்தார். கூத்துப் பிரதிகளைப் பதிப்பித்தார். அலங்காரரூபன் நாடகம் 1962இல் அவ்வாறு அச்சேறியது.

அதே பல்கலைக்கழகத்தில் எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தை மேடையேற்றியிருந்தார். சிங்கள நாடகம் என்னும் கிராமிய வடிவத்தை அறிந்த ஆசானைக் கொண்டு மாணவரைப் பயிற்றி, அவ்வடிவத்தை நவீன அரங்குக்கு உரியதாக்கிய சாதனை அது. அந்நாடக வடிவம் தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவுடையது என்பது ஆய்வாளர் கருத்து. அண்டை மொழியினர் தம் கிராமிய மரபிலிருந்து தேசிய அரங்கொன்றைச் சமைத்தபோது, தமிழர் தம் கூத்தைப் படிப்பற்றோர் பொழுதுபோக்காக ஒதுக்கிவைத்திருந்தனர். வித்தியானந்தனின் முயற்சி இச்சூழலில் எழுந்தது.

1962இற் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், பின்னர் இராவணேசன், அதனைத் தொடர்ந்து வாலிவதை என்பன பல்கலைக்கழக மாணவரால் ஆடப்பட்டன. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு வந்து மாணவருக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கினார். பட்டம் பெறாத ஒரு கிராமத்துக் கலைஞர் ஆசானாகவும், பல்கலைக்கழகத்தார் மாணாக்கராகவும் நின்ற காட்சி அக்காலத்திற் சிறியதன்று. நாடகங்கள் பேராதனையோடு நில்லாது நாட்டின் பிற நகரங்களிலும் ஆடப்பட்டன. கூத்தைப் பற்றிக் கற்றோர் கொண்டிருந்த இளக்காரம் மாறத் தொடங்கியது.

களரியிற் கண்டவையும் மேடையில் விடுபட்டவையும்

இச்சாதனையின் மதிப்பை உணர்வதற்கு, கிராமத்திற் கூத்து எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிதல் வேண்டும். வேளாண்மை வெட்டி முடிந்த ஓய்வுக் காலத்தில் ஊர்ப் பெரியோர் கூடி எக்கூத்தை ஆடுவது எனத் தீர்மானிப்பர். அண்ணாவியார் நல்ல நாளில் ஆடுவோர்க்கு உரிய பகுதிகளை எழுதி வழங்குவார். இது சட்டங் கொடுத்தல் எனப்படும். பின்னர் வாரந்தோறும் இரவிற் பழக்கம் நடைபெறும். காலிற் சதங்கை அணிதல் ஒரு விழாவாகவே கொண்டாடப்படும். முழுக் கூத்தையும் ஒருங்கு ஆடிப்பார்க்கும் அடுக்குப் பார்த்தலின் பின்னரே அரங்கேற்றம். பல மாதம் ஊர் முழுவதும் கூத்தோடு வாழும். எவர் மகன் எவ்வேடம் தாங்குகின்றான், எவர் செலவுக்குப் பொறுப்பேற்கின்றார் என்பனவெல்லாம் ஊரின் உறவுகளையும் மனத்தாங்கல்களையும், சாதி வேற்றுமையையுங்கூட வெளிப்படுத்தும்.

களரி வட்டமானது. மண்ணால் உயர்த்தப்பட்டு, சுற்றிவரக் கம்பு நாட்டி, மேலே வெள்ளை கட்டப்பட்டிருக்கும். நடுவே அண்ணாவியார் மத்தளத்தோடும், தாளக்காரர், பிற்பாட்டுக்காரரோடும் நிற்பார். பார்ப்போர் நாற்புறமும் அமர்ந்திருப்பர். ஆகவே ஆடுவோன் களரியைச் சுற்றிச் சுற்றி ஆடி எல்லாத் திசைக்கும் முகங்காட்டுதல் வேண்டும். வடமோடியின் ஆட்டக்கோலங்கள் பலவற்றுக்கு இவ்வட்டமே காரணம்.

பேராதனை மேடையோ ஒரு புறமே திறந்த படச்சட்ட மேடை. அங்கு வட்டம் நேர்கோடாயிற்று. இரவு முழுவதும் நீளும் கதை ஓரிரு மணி நேரத்துள் அடக்கப்பட்டது. மீட்டு மீட்டுப் பாடப்படும் பகுதிகள் குறைக்கப்பட்டன. பந்தமும் பெற்றோமாக்சும் இருந்த இடத்தை மின்னொளி எடுத்துக்கொண்டது. கிராமத்தில் ஆடவரே பெண் வேடமும் தாங்கினர். பல்கலைக்கழகத்தில் மாணவியரும் ஆடினர். இவற்றுட் சில இழப்புக்கள், சில ஆக்கங்கள். மாணவியர் ஆடியமை ஐயமின்றி ஆக்கமே. காலச் சுருக்கத்தால் நாடகத்தின் விறுவிறுப்பும் பாத்திரங்களின் உள்ளப் போராட்டமும் தெளிவு பெற்றன. இராவணேசனில் இராவணன் அவல நாயகனாக உயர்ந்து நின்றமை இதற்குச் சான்று. மறுபுறத்தில் சட்டங் கொடுத்தலும் சதங்கை விழாவும், ஊரவர் கூத்தோடு கொண்ட உரிமையும் மேடைக்கு வரவில்லை. அவை வந்திருக்கவும் இயலாது. மேடையைக் கண்டோர் கூத்து என்பது இவ்வளவே எனக் கருதிவிடும் வாய்ப்பு இருந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

கூடத்திலிருந்து கிராமத்துக்கு

அந்த வாய்ப்பு முற்றாக நிறைவேறாமைக்குக் காரணம், ஆடிய மாணவருட் சிலர் ஆய்வாளராகவும் மாறியமையே. அமிர்தகழியிற் பிறந்து, வந்தாறுமூலை மத்திய கல்லூரியிற் பயின்று பேராதனை சென்ற சி. மௌனகுரு அவருள் முதன்மையானவர். பல்கலைக்கழக மேடையில் இராவணனாக ஆடிய அவர், பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைக் கலாநிதிப் பட்டத்துக்குரிய பொருளாகக் கொண்டார். 1983இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நிறைவுற்று, 1998இல் நூலாக வெளிவந்த அவ்வாய்வு, மேடையில் விடுபட்டவற்றை எழுத்தில் மீட்டது எனலாம். களரி, ஆட்டம், உடுப்பு, பாட்டு ஆகியவற்றோடு கூத்துக்கும் சமூக அமைப்புக்கும் உள்ள தொடர்பும் அதில் ஆராயப்பட்டது.

வரலாறு இவ்விடத்தில் ஒரு வட்டமிடுகின்றது. செல்லையா அண்ணாவியாரின் ஊராகிய வந்தாறுமூலையிலேயே, மத்திய கல்லூரி வளவில், 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கூத்தைத் தேடி அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்த காலம் போய், பல்கலைக்கழகமே அண்ணாவியாரின் ஊருக்கு வந்த காலம் பிறந்தது. 2000களில் இராவணேசன் கிழக்குப் பல்கலைக்கழக மாணவரால் மீண்டும் ஆடப்பட்டது. அப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் முதலியோர் சீலாமுனையில் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்க முயற்சி வேறொரு வழியிற் சென்றது. கூத்தை ஊரிலிருந்து எடுத்துச் செல்லாது, ஊரவரோடு அமர்ந்து, எவற்றை மாற்றுவது, எவற்றை வைத்திருப்பது என்பதை அவர்களே விவாதித்துத் தீர்மானிக்க இடமளித்தது அம்முயற்சி. பேராதனையில் அண்ணாவியார் ஆசானாக மதிக்கப்பட்டார். சீலாமுனையில் ஊர் முழுவதும் ஆய்வாளர் நிலைக்கு உயர்ந்தது. முன்னது இன்றிப் பின்னது தோன்றியிராது.

அழிவும் ஆவணமும்

இப்பணிகள் அமைதியான காலத்தில் நிகழவில்லை. 1978 நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. மறுபடியற்ற ஏடுகள் மீள வழியின்றிப் போயின. 2009வரை நீடித்த போரில் எழுவான்கரையும் படுவான்கரையும் பலமுறை இடம்பெயர்ந்தன. ஊரடங்கும் அச்சமும் நிலவிய இரவுகளில் விடியும்வரை களரி நடத்துதல் எங்ஙனம் இயலும்? 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுவான்கரையின் கடலோர ஊர்களை வாரிச் சென்றது. வீட்டோடு பெட்டகமும், பெட்டகத்தோடு சட்டக் கொப்பியும் மறைந்துபோகும் நிலத்தில், ஒரே படியாக ஓரிடத்தில் இருக்கும் எதுவும் காப்பற்றதே.

மறுபடி எடுத்துப் பல இடங்களிற் காத்தல் என்னும் எண்ணம் இவ்வனுபவத்தால் வலுப்பெற்றது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் படிக்கத்தக்கவாறு இணையத்தில் இட்டுவருகின்றது. ஒளிப்படங்களும் வாய்மொழி வரலாறுகளும் அப்பணியுள் அடங்கும். மட்டக்களப்புப் பறங்கியரின் கிரியோல் மொழியும் இசையும் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயூகோ கார்டோசோ தலைமையிற் பதிவு செய்யப்பட்டு, அருகிவரும் மொழிகளுக்கான இணைய ஆவணக் காப்பகத்தில் இடப்பட்டுள்ளன. நெவிலின் தொகுப்பு இலண்டன் சென்றது. இப்பதிவுகளோ எங்கிருப்பினும் இணையவழி ஊருக்குத் திரும்ப வல்லவை.

மாணவர் செய்யத்தக்கது

இணையவழி நூதனசாலையொன்றை அமைக்க முற்படும் மாணவர் இவ்வரலாற்றிலிருந்து கற்கத்தக்கவை சில உள. ஓர் எடுத்துக்காட்டால் அவற்றை விளக்கலாம். வடமோடிக் கூத்தில் அரச வேடங்களுக்குரிய உடுப்புக்களுள் ஒன்று கரப்புடுப்பு. இடையிலிருந்து விரிந்து நிற்கும் அதன் வடிவம் கரப்பை ஒத்தது. கரப்பு என்பது வாவியின் ஆழமற்ற நீரிற் குத்தி மீன்பிடிக்கும் கூடை. பழைய நூதனசாலையாயின் உடுப்பை ஒரு பேழையிலும் கரப்பை மற்றொரு பேழையிலும் வைக்கும்; முன்னது கலை, பின்னது தொழில் எனப் பிரிக்கும். அரசனின் உடுப்புக்கு மீனவரின் கூடை பெயர் கொடுத்தது என்னும் செய்தி இரண்டு பேழைக்கும் இடையில் விழுந்துவிடும். இணையவழிக் காட்சியில் இரண்டையும் ஒரே பக்கத்தில் இணைத்தல் இயலும். உடுப்பைத் தைப்பவர் சொல்வதையும், அதனை அணிந்தாடியவர் சொல்வதையும், கரப்புக் குத்துவோர் சொல்வதையும் அவரவர் குரலிலேயே கேட்கச் செய்யலாம்.

ஆகவே முதலாவதாக, பொருளைவிடத் தொடர்பே பதியப்படல் வேண்டும். அரங்கேற்ற இரவை மட்டும் அசைபடமாக்குதல் போதாது. சட்டங் கொடுத்த நாள் முதல் நிகழ்ந்தவை அனைத்தும் காட்சிக்கு உரியவை. இரண்டாவதாக, அறிவித்தவரின் பெயரும் ஊரும் அவர் இசைவோடு குறிக்கப்படல் வேண்டும். தொகுத்தவர் பெயர் நிலைத்து, பாடியவர் பெயர் மறைந்த தொகுப்புக்கள் நம்மிடையே பல. மூன்றாவதாக, எவை விடப்பட்டன, எவை சுருக்கப்பட்டன என்பதைக் காட்சியே கூறுதல் வேண்டும். வட்டக்களரியை ஒரே கோணத்திலிருந்து படம்பிடித்தவர் அதனைச் சொல்லாதுவிடின், பேராதனை மேடைக்கு நேர்ந்த மயக்கமே மீண்டும் நேரும். நான்காவதாக, காட்சி முதலில் ஊரவருக்குக் காட்டப்படல் வேண்டும். அண்ணாவியார் ஒருவர் அதனைப் பார்த்து, இத்தாளம் பிழை, இவ்வழக்கம் எம்மூரதன்று என்று சொல்வாராயின், அத்திருத்தமே அக்காட்சியின் மிகச்சிறந்த பகுதியாக அமையும்.

கணினித் திரை களரியாகிவிடாது. திரையிற் கூத்தைக் கண்டவர் கூத்தை அறிந்தவராகார். அதன் இருப்பை அறிந்தவராவர். அவ்வறிவுங்கூட இன்றேல் தேடிச் செல்வார் எவருமிரார். பேராதனை மேடையும் முழுக் கூத்தாக இருந்ததில்லை. எனினும் அதனைக் கண்டோருள்ளும் ஆடினோருள்ளும் சிலர் கிராமத்தை நோக்கி நடந்தனர். அந்நடையிலிருந்து ஆய்வும் மீளுருவாக்கமும் பிறந்தன. மட்டக்களப்பின் மூத்த அண்ணாவிமார் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். ஏட்டில் எழுதப்படாத தாளக்கட்டும் ஆட்டக்கோலமும் அவர்களோடு செல்கின்றன. ஒலிப்பதிவுக் கருவியைக் கையடக்கத் தொலைபேசியாகவே சட்டைப்பையில் வைத்திருக்கும் மாணவ தலைமுறை இது. அக்கருவியோடு படுவான்கரைக்குச் சென்று ஓர் அண்ணாவியாரின் முன்னிலையில் அமர்ந்து கேட்பதற்கு வேண்டுவன பொறுமையும் பணிவுமே. அவரிடம் பெற்றதை அவர் ஊருக்கே திருப்பி அளிக்கும் கடமையும் அவ்விடத்திலேயே தொடங்குகின்றது.